ஒரே அம்மா, மூன்று பெயர்: ரங்கூனிலிருந்து இரண்டாம் முறை போட்ட இங்கிலாந்து விசா

ரங்கூன் தெயின்ஜி சந்தையில் மசாலாக் கடை வைத்திருக்கும் ஓர் அக்காவின் விசா விஷயம் இது. 2023 நவம்பரில் போட்ட முதல் விண்ணப்பம் மறுக்கப்பட்டது, 2024 ஜூனில் இரண்டாவது கிடைத்தது. நடுவில் இருந்த ஆறு மாதமும் நான் கூடவே இருந்தேன், தாள்களைப் படித்தேன், சிலவற்றை எழுதியும் கொடுத்தேன். குடும்பத்தின் சம்மதத்தோடுதான் எழுதுகிறேன், பெயர் மட்டும் போடவில்லை. பர்மா தமிழர்களான நம்மவர்கள் பலருக்கு இதே மாதிரி நடக்கிறது, மறுப்புக் கடிதம் வந்ததும் அதை மடித்து சாமி படத்துக்குப் பின்னால் வைத்துவிட்டு "நமக்குக் கொடுப்பினை இல்லை" என்று விட்டுவிடுகிறார்கள். அந்தக் கடிதத்தை முழுதாகப் படித்தவர்கள் குறைவு. அதனால்தான் இதை விவரமாக எழுதுகிறேன்.

பின்னணி

அக்காவுக்கு அப்போது வயது 63. கணவர் 2016-இல் இறந்துவிட்டார். மகன் கூடவே இருக்கிறான், கடைக்குச் சரக்கு எடுத்துவருவது அவன் வேலை. மகள் நர்ஸ், 2022-இல் வேலை விசாவில் இங்கிலாந்து போனாள், கணவரும் அவளும் பர்மிங்காம் பக்கம் வாடகை வீட்டில் இருக்கிறார்கள். 2024 ஜனவரியில் குழந்தை பிறக்க இருந்தது. முதல் பேரக்குழந்தை. பிரசவத்துக்கு அம்மா பக்கத்தில் இருக்கவேண்டும் என்று மகள் கேட்டாள், கேட்காமல் இருப்பாளா?

கடையைப் பற்றி ஒரு வார்த்தை. எட்டடி அகலம்தான். மிளகாய், மல்லி, மஞ்சள், சோம்பு, அப்பளம், வடகம். அக்கா காலையில் எட்டு மணிக்கு உட்கார்ந்தால் மாலை ஐந்துக்குத்தான் எழுந்திருப்பார். மாதம் எல்லாச் செலவும் போக எட்டு, ஒன்பது லட்சம் சாட் (பர்மியப் பணம்) நிற்கும், தீபாவளி சமயத்தில் இன்னும் கூடும். இந்தக் கடை அவர் மாமியார் காலத்திலிருந்து இருக்கிறது. நகராட்சிக்கு மாதாமாதம் கட்டிய ரசீதுகள் ஒரு பிஸ்கட் டப்பா நிறைய இருந்தன. முதல் விண்ணப்பத்தில் இதில் ஒன்றுகூடப் போகவில்லை, இந்தக் கடை என்று ஒன்று இருப்பதே அதில் இல்லை.

முதல் விண்ணப்பம், 2023 நவம்பர்

ஊருக்குள் ஒரு ஏஜெண்ட் மூலம் போட்டார்கள். அவரை நான் குறை சொல்லி எழுதவேண்டும் என்று இல்லை, ஆனால் என்ன செய்தார் என்பதைச் சொல்லாமல் இந்த விஷயம் புரியாது. பாரத்தைத் தன் சொந்த ஈமெயிலில் நிரப்பினார். தொழில் என்ற இடத்தில் "குடும்பத்தலைவி" என்று போட்டார், கடைக்குத் தனியாகத் தாள் தயார் செய்யவேண்டுமே என்ற சோம்பல்தான் காரணமாக இருக்கவேண்டும். தங்கும் காலம் 180 நாள். நோக்கம்: "மகளின் குழந்தையைப் பார்த்துக்கொள்ள". கட்டணம் 115 பவுண்டு, அதை மகள் அங்கிருந்து தன் கார்டில் கட்டினாள்.

பணம் காட்டவேண்டும் என்றார் ஏஜெண்ட். அக்காவிடம் வங்கிக் கணக்கே கிடையாது. 2021 ராணுவ ஆட்சிக் கவிழ்ப்புக்கு அப்புறம் ரங்கூனில் இருந்தவர்களுக்கு நான் விளக்கவேண்டியதில்லை, ஏடிஎம் வாசலில் விடியற்காலையிலேயே வரிசை, வாரத்துக்கு இவ்வளவுதான் எடுக்கலாம் என்று வரம்பு. வங்கியில் போட்ட பணம் நம் பணமா என்று தெரியாத காலம் அது. கையில் ரொக்கமாகவும் தங்கமாகவும் வைத்திருந்ததுதான் அன்றைக்குப் புத்திசாலித்தனம். ஆக, கணக்கு புதிதாகத் திறந்து, ஒரே வாரத்தில் இரண்டு தடவையாக 180 லட்சம் சாட் போட்டார்கள். அதில் 60 லட்சம்தான் அக்காவுடையது: வீட்டில் சேர்த்துவைத்த ரொக்கமும், இரண்டு வளையலை விற்ற காசும். மீதி 120 லட்சம் கொழுந்தனாரிடம் கைமாற்றாக வாங்கியது. விசா முடிவு வந்ததும் திருப்பிக் கொடுத்துவிடலாம் என்று பேச்சு.

இதை நம்மூரில் யாரும் தப்பாகவே நினைப்பதில்லை. கல்யாணத்துக்கு நகை இரவல் வாங்குவது மாதிரி, விசாவுக்குப் பணம் இரவல்.

மறுப்புக் கடிதம்

முடிவு டிசம்பர் 8-ஆம் தேதி வந்தது, ஆனால் ஏஜெண்டின் ஈமெயிலுக்கு வந்தது. குடும்பத்துக்குத் தெரிந்தது ஒன்பது நாள் கழித்து. "கிடைக்கவில்லை, மறுபடி போடலாம்" என்று போனில் சொன்னாராம், கடிதத்தைக் காட்டவில்லை. நான்தான் கடிதத்தை வாங்கி வரும்படி மகனைத் துரத்தினேன்.

இரண்டு பக்கம். கடை இல்லாத நேரத்தில் அக்கா வீட்டுத் தரையில் உட்கார்ந்து ஒவ்வொரு வரியாக அவருக்குத் தமிழில் சொன்னேன். நாலு விஷயம் இருந்தது. முதலாவது, சமீபத்தில் திறந்த கணக்கில் பெரிய தொகை வந்திருக்கிறது, எங்கிருந்து வந்தது என்று காட்டவில்லை, இது உங்கள் பணம் என்று நம்ப முடியவில்லை. இரண்டாவது, உங்களுக்கு வேலையோ வருமானமோ இருப்பதாகத் தெரியவில்லை, திரும்பிப் போவதற்கு என்ன காரணம் இருக்கிறது? மூன்றாவது, ஆறு மாதம் தங்கிக் குழந்தையைப் பார்த்துக்கொள்வது என்பது சும்மா பார்க்க வருவது மாதிரி இல்லை. நாலாவது, மகளின் பிறப்புச் சான்றிதழில் தாயின் பெயர் வேறாக இருக்கிறது, நீங்கள்தான் தாய் என்பதே உறுதியாகவில்லை.

நாலாவதைக் கேட்டதும்தான் அக்கா அழுதார். "நான் பெத்த பிள்ளைக்கு நான் அம்மா இல்லைன்னு எழுதியிருக்கானா தம்பி?" என்று கேட்டார். அப்படி எழுதவில்லை அக்கா, தாள்களைப் பார்த்தால் தெரியவில்லை என்று எழுதியிருக்கிறார்கள் என்றேன். அந்த வித்தியாசம் அன்றைக்கு அவருக்கு ஆறுதலாக இல்லை. ஆனால் அப்புறம் நாங்கள் செய்த எல்லாமே அந்த வித்தியாசத்தை வைத்துத்தான்.

இங்கிலாந்தின் குடிவரவு விதிகளில் பார்வையாளர்களுக்கான பகுதியில் 4.2 என்று ஒரு பத்தி இருக்கிறது. முடிந்ததும் திரும்பிப் போவார், சொன்ன காரணத்துக்காகத்தான் வருகிறார், தடை செய்த வேலை எதுவும் செய்யமாட்டார், செலவுக்குப் பணம் இருக்கிறது என்றெல்லாம் அதிகாரிக்கு நம்பிக்கை வரவேண்டும். மறுப்பு அதன் கீழ்தான். அப்பீல் கிடையாது என்றும் எழுதியிருந்தது. குடும்பத்தைப் பார்க்கப் போகிறவர்களுக்கு முன்பு முழு அப்பீல் உரிமை இருந்தது, 2013 ஜூனில் அதை எடுத்துவிட்டார்கள். ஆக இருக்கிற ஒரே நடைமுறை வழி மறுபடி விண்ணப்பிப்பது. அதற்கு இத்தனை மாதம் காத்திருக்கவேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை, மறுநாளே போடலாம்.

உடனே போடுவதா, பொறுப்பதா

இங்கேதான் வீட்டில் சண்டை. மகனுக்கு உடனே போடவேண்டும், பிரசவத்துக்கு இன்னும் ஒரு மாதம் இருக்கிறது. ஏஜெண்டும் தயார். அவர் சொன்ன வழி: வேறு வங்கியில் புதுக் கணக்கு, இந்த முறை 300 லட்சம், ஒரு கம்பெனியில் மேனேஜர் என்று கடிதம், பாஸ்போர்ட்டையும் புதிதாக எடுத்துவிட்டால் பழைய மறுப்பு தெரியவே தெரியாது.

இதில் கடைசி ஒன்று சுத்தப் பொய். முதல் தடவையே பத்து விரல் ரேகையும் எடுத்துவிட்டார்கள், புத்தகம் மாறினால் விரல் மாறுமா? பாரத்தில் நேரடியாகவே கேட்கிறார்கள், இதற்கு முன் எந்த நாட்டிலாவது விசா மறுக்கப்பட்டதா என்று. அங்கே "இல்லை" என்று போட்டாலோ பொய்யான வேலைக் கடிதம் கொடுத்தாலோ, அது ஏமாற்று என்று முடிவாகி 10 வருடத்துக்குக் கதவு அடைபடலாம். இப்போது வந்திருப்பது "நம்பிக்கை வரவில்லை" என்ற மறுப்பு. அதைச் சரிசெய்யலாம். "பொய் சொன்னார்" என்ற மறுப்பு வேறு ஜாதி. 63 வயதுக்காரருக்குப் பத்து வருடம் என்றால் என்ன அர்த்தம் என்று மகனிடம் கேட்டேன். அவன் அதற்கப்புறம் ஏஜெண்டிடம் போகவில்லை.

பிரசவத்துக்குப் போக முடியாது என்று அக்காவே முடிவெடுத்தார். "பிள்ளை பெறுறதுக்கு அங்க ஆஸ்பத்திரி இருக்கு. நான் போறது பேத்தியைப் பாக்க. ஆறு மாசம் கழிச்சுப் பாத்தாலும் பேத்திதானே" என்றார். இந்த ஒரு வாக்கியத்தால் முழு விண்ணப்பமும் மாறியது என்பேன். அவசரம் போனதும், உண்மையைக் காட்டுவதற்கு நேரம் கிடைத்தது.

அங்கே மகள் ஒரு காரியம் செய்தாள். இங்கிலாந்தில் குடிவரவு ஆலோசனை சொல்வதென்றால் வக்கீலாக இருக்கவேண்டும், அல்லது அரசு அமைப்பில் பதிவு செய்திருக்கவேண்டும், பதிவில்லாமல் சொல்வது 1999-ஆம் வருடச் சட்டப்படி குற்றம். அப்படிப் பதிவான ஓர் ஆலோசகரிடம் ஒரு மணி நேரத்துக்குக் காசு கட்டிப் பேசினாள். அவர் முதலில் கேட்ட கேள்வி: போன தடவை போட்ட பாரத்தின் நகல் எங்கே?

நகல் எங்களிடம் இல்லை. ஏஜெண்ட் கொடுக்கவில்லை, கேட்டபோது அழிந்துவிட்டது என்றார். சரி, அரசிடமே கேட்கலாம் என்றார் ஆலோசகர். உங்களைப் பற்றி உள்துறையிடம் இருக்கும் தகவலை நீங்கள் இலவசமாகக் கேட்டு வாங்கலாம், வழக்கமாக ஒரு மாதத்துக்குள் தரவேண்டும். அக்கா கையெழுத்துப் போட்ட சம்மதக் கடிதத்தோடு மகள் கேட்டாள். ஜனவரி 17-இல் குழந்தை பிறந்தது, பிப்ரவரியில் நகல் வந்தது.

நகலில் கண்டது

"கடந்த 10 வருடத்தில் வெளிநாடு போயிருக்கிறீர்களா?" என்ற கேள்விக்கு "இல்லை" என்று இருந்தது.

அக்கா 2018-இல் இந்தியா போயிருக்கிறார். பழநி, ராமேசுவரம், அப்படியே காரைக்குடி பக்கம் தாத்தா ஊரைப் பார்த்துவிட்டு, 28 நாளில் திரும்பிவிட்டார். நம் பர்மா பாஸ்போர்ட் ஐந்து வருடத்துக்குத்தான், அந்தப் புத்தகம் காலாவதியாகிப் பெட்டியில் கிடந்தது. ஏஜெண்ட் பழைய புத்தகம் உண்டா என்று கேட்கவே இல்லை, இவர்களுக்கும் அது முக்கியம் என்று தெரியவில்லை. வெளிநாடு போய் சொன்ன நாளில் திரும்பியவர் என்பதற்கு முத்திரை போட்ட சாட்சி வீட்டிலேயே இருந்திருக்கிறது! மாதச் செலவு என்ற இடத்தில் பூஜ்யம் என்று வேறு இருந்தது. சாப்பிடாமல் வாழும் ஒரு குடும்பத்தலைவி.

அந்தப் பாரத்தில் இருந்த பெண்மணி யார் என்று எனக்கே தெரியவில்லை. அதிகாரிக்கு எப்படித் தெரியும்?

மூன்று பெயர்

இது பர்மா தமிழர்களுக்கே உரிய சிக்கல், அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். அக்காவுக்கு வீட்டில், கோயிலில், கல்யாணப் பத்திரிகையில் தமிழ்ப் பெயர். பள்ளிக்கூடத்தில் சேர்த்தபோது வாத்தியார் ஒரு பர்மியப் பெயர் போட்டார், 1960-களில் அது பலருக்கும் நடந்தது. அடையாள அட்டை அந்தப் பர்மியப் பெயரில், பாஸ்போர்ட்டும் அப்படியே. மகள் பிறந்தபோது ஆஸ்பத்திரியில் பெயர் கேட்டார்கள், வலியில் இருந்தவர் வாயில் வந்தது தமிழ்ப் பெயர், பிறப்புச் சான்றிதழில் அது ஏறிவிட்டது. அப்புறம் குடும்ப அட்டவணையில், அதாவது 66/6 படிவத்தில், பர்மியப் பெயர்தான், ஆனால் ஒரு எழுத்து வேறாக இருந்தது, ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தால் அது மூன்றாவது ஆள் ஆகிவிடுகிறது. போதாததற்கு நம்மிடம் குடும்பப் பெயர் என்று ஒன்று கிடையாது, அம்மா பெயருக்கும் மகள் பெயருக்கும் பொதுவாக ஒரு எழுத்துகூட இல்லை. கல்யாணம் கோயிலில் நடந்தது, பதிவு செய்யவில்லை.

இங்கேயே வாழ்கிறவரைக்கும் இது ஒரு பிரச்சினையே இல்லை. வார்டில் எல்லோருக்கும் தெரியும் இவள் யார் மகள் என்று. கடல் தாண்டி ஒரு மேசையில் உட்கார்ந்திருப்பவருக்குத் தெரிய வழியில்லை.

முதலில் குடும்ப அட்டவணையில் அந்த எழுத்தைத் திருத்த லவக என்கிற குடிவரவு, மக்கள்தொகை அலுவலகத்துக்குப் போனோம். திருத்தம் இழுக்கும் என்று தெரிந்தது, அதோடு ஏப்ரல் மாதத் தண்ணீர்த் திருவிழா விடுமுறை வேறு வந்துவிட்டது. சரி, திருத்தம் ஒரு பக்கம் நடக்கட்டும், மாறிய பெயர்களை ஒன்றாகக் கட்டும் தாள் ஒன்று வாங்குவோம் என்று முடிவெடுத்தோம். கோர்ட்டில் சத்தியப் பத்திரம்: இந்த மூன்று பெயரும் ஒரே ஆளுடையவை என்று அக்கா உறுதி சொல்லிக் கையெழுத்துப் போட, அவரைச் சின்ன வயதிலிருந்து தெரிந்த இரண்டு பேர் சாட்சிக் கையெழுத்து. அதோடு வார்டு அலுவலகத்திலிருந்து ஒரு கடிதம், அதில் மூன்று பெயரும் அடையாள அட்டை எண்ணும் சேர்த்து எழுதச் சொன்னோம். மகளின் பள்ளிச் சான்றிதழில் தந்தை பெயர் சரியாக இருந்தது, கணவரின் இறப்புச் சான்றிதழில் மனைவி என்று அக்காவின் பர்மியப் பெயர் இருந்தது. மகளிலிருந்து அப்பாவுக்கு, அப்பாவிலிருந்து அம்மாவுக்கு, இப்படிச் சுற்றிக்கொண்டு வந்தும் உறவு நின்றது. இதைக் கண்டுபிடித்தது மகன்தான், ராத்திரி பதினொரு மணிக்கு எனக்குப் போன் பண்ணினான்.

மொழிபெயர்ப்பு பன்சோடான் தெருவில். மொழிபெயர்ப்பில் இது மூலத்துக்குச் சரியானது என்ற உறுதிமொழி, தேதி, மொழிபெயர்த்தவரின் முழுப் பெயர், கையெழுத்து, தொடர்பு விவரம் எல்லாம் இருக்கவேண்டும் என்பது இங்கிலாந்துக்காரர்கள் கேட்பது. வெறும் முத்திரை குத்திக் கொடுத்ததை நான் திருப்பிக் கொடுத்தேன். மொழிபெயர்த்துக் கொடுத்த நோட்டரி கொஞ்சம் முகம் சுளித்தார், ஆனால் செய்துகொடுத்தார்.

இரவல் பணத்தைச் சொல்வதா

மிகவும் கஷ்டமான முடிவு இதுதான், மூன்று நாள் பேசினோம்.

டிசம்பரில் கொழுந்தனாரின் 120 லட்சத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். அதே கணக்கின் ஸ்டேட்மெண்டைக் கொடுத்தால் பணம் வந்ததும் மறுப்புக்குப் பின் போனதும் பளிச்சென்று தெரியும். வேறு கணக்கைக் கொடுத்தால் போன தடவை காட்டிய 180 லட்சம் எங்கே என்று கேள்வி வரும். மறைக்க வழியே இல்லை, வழி இருந்திருந்தாலும் மறைப்பதில் எனக்குச் சம்மதமில்லை. ஆனால் "இரவல் வாங்கினோம்" என்று எழுதிக் கொடுத்தால், அப்போ போன தடவை ஏமாற்றினீர்கள் என்று பிடித்துக்கொண்டால்? அந்தப் பயம் நியாயமானது. அந்த ஆலோசகர் சொன்னது: போன பாரத்தில் இது என் சேமிப்பு என்று எங்கேயாவது எழுதியிருக்கிறதா பாருங்கள். நகலை மறுபடி படித்தோம், கணக்கில் இருக்கும் தொகை என்று மட்டும்தான் இருந்தது. அப்படியென்றால் நடந்ததை நடந்தபடி எழுதுங்கள், அழகுபடுத்தவேண்டாம் என்றார்.

அப்படியே எழுதினோம். 60 லட்சம் என்னுடையது, 120 லட்சம் கணவரின் தம்பியிடம் வாங்கியது, இன்ன தேதியில் திருப்பிக் கொடுத்தேன், அவருடைய கடிதம் இணைத்திருக்கிறேன். 2021-க்குப் பிறகு வங்கியில் பணம் எடுப்பது கட்டுப்படுத்தப்பட்டதால் வீட்டில் ரொக்கம் வைத்திருந்தேன். வளையல் விற்றதற்குத் தங்கக் கடை வவுச்சர் இருக்கிறது. அந்த வவுச்சர் கிடைத்த கதையைச் சொல்லவேண்டும்: வெற்றிலைப் பெட்டியின் அடியில் நாலாக மடித்து, சுண்ணாம்புக் கறையோடு இருந்தது. எடை, தேதி, கடை முத்திரை மூன்றும் படிக்க முடிந்தது. கறையோடேயே ஸ்கேன் செய்தேன்.

ஜனவரியிலிருந்தே கடை வசூலை வாரத்துக்கு ஒருமுறை அதே கணக்கில் போடச் சொல்லியிருந்தேன். 2 லட்சம், 3 லட்சம், ஒரு வாரம் 90 ஆயிரம்தான். கே பே என்ற கைபேசிப் பணச் செயலியில் வந்த வாடிக்கையாளர் காசும் அதில் சேர்ந்தது. மே மாதம் கணக்கில் 64 லட்சம் நின்றது. முதல் தடவை காட்டியதில் மூன்றில் ஒரு பங்கு. இது போதுமா என்று மகன் பயந்தான். அப்போது அரசு சொன்ன விலையில் டாலர் 2,100 சாட், வெளியில் விலை எங்கேயோ போய்விட்டது, எந்த விலையில் மாற்றினாலும் அது பெரிய தொகை இல்லை. ஆனால் இந்தத் தடவை செலவு முழுக்க மகளுடையது என்று எழுதினோம், அதுதான் உண்மையும்: டிக்கெட், சாப்பாடு, தங்க இடம் எல்லாம். அவளுடைய ஆறு மாதச் சம்பளச் சீட்டு, வங்கிக் கணக்கு, வாடகை ஒப்பந்தம், அம்மா தங்கலாம் என்று வீட்டுக்காரர் கொடுத்த கடிதம், விசா நகல் எல்லாம் வந்தன. 64 லட்சம் கடைசியில் கைச்செலவுக்கும், இங்கே ஒரு வாழ்க்கை ஓடிக்கொண்டிருக்கிறது என்று காட்டுவதற்கும்தான்.

எத்தனை நாள், எதற்கு

180 நாள் எங்கிருந்து வந்தது என்று அக்காவிடம் கேட்டேன். "அவரு போட்டாரு. ஆறு மாசம் கடையைப் பூட்டினா வாடிக்கை எல்லாம் பக்கத்துக் கடைக்குப் போயிரும்" என்றார். உண்மையில் எத்தனை நாள் போக முடியும் என்று கேட்டதற்கு விரல் விட்டு எண்ணி ஐந்து வாரம் என்றார். மழை கொட்டும் ஜூலையில் வியாபாரம் மந்தம், நாத்தனார் கடையில் உட்காருவார், ஆகஸ்ட் பாதியில் வந்துவிட்டால் தடிஞ்சுட்டு என்ற விளக்குத் திருவிழாவுக்கும் தீபாவளிக்கும் மல்லி, மிளகாய் வாங்கிக் காயப்போட நேரம் சரியாக இருக்கும். இதை அப்படியே கடிதத்தில் எழுதினேன். திரும்பி வருவதற்கான காரணத்தை நாம் கண்டுபிடிக்கவேண்டியதில்லை, அது அந்தக் கடையிலேயே இருந்தது. நாத்தனாரின் கடிதம், நகராட்சி ரசீதுகளில் வருடத்துக்கு இரண்டாகப் பொறுக்கி எடுத்தவை, கடை வாசலில் எடுத்த போட்டோ ஒன்று.

நோக்கம் என்ற இடத்தில் "மகளையும் ஜனவரியில் பிறந்த பேத்தியையும் பார்க்க, ஜூலை நடுவில் பேத்திக்குச் சோறூட்டும் நிகழ்ச்சியில் கலந்துகொள்ள" என்று போட்டோம். பேரக்குழந்தையைக் கொஞ்ச நாள் பார்த்துக்கொள்வதை அவர்கள் தடுப்பதில்லை, அது ஆயா வேலையாக மாறிவிடக்கூடாது என்பதுதான் அவர்கள் கவலை. மகள் டிசம்பர்வரை பிரசவ விடுப்பில் இருப்பதாக அவள் வேலையிடத்துக் கடிதம் இருந்தது, அதைச் சேர்த்ததும் அந்தக் கேள்விக்கு இடமே இல்லை.

பிப்ரவரி 10-ஆம் தேதி கட்டாய ராணுவச் சேவைச் சட்டம் அமலுக்கு வந்ததும் இளவட்டங்கள் தாய்லாந்துத் தூதரக வாசலில் குவிந்ததைப் பார்த்தோம். இந்த நேரத்தில் பர்மாவிலிருந்து யார் போட்டாலும் சந்தேகமாகத்தான் பார்ப்பார்கள் என்று பலர் சொன்னார்கள். இருக்கலாம். அதற்கு நாங்கள் செய்யக்கூடியது ஒன்றும் இல்லை.

இரண்டாம் விண்ணப்பம், 2024 மே

புது ஈமெயில், அக்கா பெயரிலேயே. பாரத்தை நானும் மகளும் இரண்டு ஊரிலிருந்து ஒரே நேரத்தில் பார்த்து நிரப்பினோம், ஒவ்வொரு கேள்வியையும் அக்காவிடம் தமிழில் கேட்டு அவர் சொன்ன பதிலைத்தான் போட்டோம். மறுப்பு உண்டா? உண்டு, 2023 டிசம்பர் 8, காரணம் இன்னது. போன பாரத்தில் பயண விவரமும் செலவும் தொழிலும் தவறாக நிரப்பப்பட்டன, நிரப்பியது ஒரு முகவர், எனக்கு நகல் தரப்படவில்லை, சரியான விவரம் இதோ என்று தனியாக எழுதினோம். மறுப்புக் கடிதத்தின் நாலு விஷயத்துக்கும் அதே வரிசையில் பதில், ஒவ்வொரு பதிலுக்கும் பக்க எண். இரண்டரைப் பக்கம் வந்தது. கெஞ்சல் எதுவும் இல்லை, அதிகாரி தப்பு செய்தார் என்ற பேச்சும் இல்லை. முதல் தடவை தாள்களைப் பார்த்தால் நானே மறுத்திருப்பேன்.

டிக்கெட் வாங்கவில்லை. தேதி மட்டும் எழுதினோம்.

ரேகை கொடுக்க மே 28-இல் விண்ணப்ப மையத்துக்குப் போனோம். நாற்பது வருடம் மிளகாயும் மஞ்சளும் அளந்த கை, விரல் நுனி தேய்ந்து வழவழப்பாகிவிட்டது, நகக் கண்ணில் மஞ்சள். கண்ணாடி மேல் வைக்க வைக்க இயந்திரம் ஏற்கவில்லை. அந்தப் பெண் ஈரத் துணியால் துடைத்து, மெதுவாக அழுத்தி, நாலாவது தடவையில் பச்சை விளக்கு எரிந்தது. அக்கா என்னைப் பார்த்து, "இதையும் எழுதிக் கொடுத்திருக்கலாம் தம்பி, கடைக்காரிதான்னு" என்றார்.

என்ன ஆனது

ஜூன் 19-இல் முடிவு. ஆறு மாத விசா. பாஸ்போர்ட்டை வாங்கியதும் நேராக அனோரத்தா சாலை காளி கோயிலுக்குப் போய் வைத்து எடுத்துவந்தார்.

ஜூலை 6 கிளம்பி, பேங்காக் வழியாகப் போனார். தாள்களின் நகல் முழுவதும் கைப்பையில். இறங்கிய இடத்தில் அதிகாரி எத்தனை நாள் என்று கேட்டிருக்கிறார், அக்கா ஐந்து விரலைக் காட்டி ஐந்து வாரம் என்று மகள் சொல்லிக்கொடுத்த ஆங்கிலத்தில் சொல்லிவிட்டார், அவ்வளவுதான். பேத்திக்கு முதல் சோறு அவர் கையால். ஆகஸ்ட் 10 திரும்பினார், பாரத்தில் போட்ட அதே நாள். மகள் இன்னும் இரண்டு வாரம் இருக்கச் சொல்லி மன்றாடியிருக்கிறாள், விசாவிலும் இடம் இருந்தது. அக்கா ஒத்துக்கொள்ளவில்லை. நாத்தனாரிடம் சொன்ன நாள், அதிகாரியிடம் எழுதிக்கொடுத்த நாள், இரண்டும் ஒன்றுதான் என்றார்.

இழந்ததையும் சொல்லவேண்டும். பிரசவத்தின்போது மகள் தனியாக இருந்தாள், மாப்பிள்ளைக்கு லீவு நாலு நாள்தான் கிடைத்தது. தொட்டிலில் போட்ட நாளை அக்கா போனில்தான் பார்த்தார். இரண்டு கட்டணம், மொழிபெயர்ப்பு, கோர்ட்டுச் செலவு, ஆலோசகர் எல்லாம் சேர்ந்து மகளுக்கு நல்ல செலவு.

மறுபடி செய்தால் எதை மாற்றுவேன்

பெயர் விஷயத்தை முதலில் எடுப்பேன். அதுதான் அதிக நாள் பிடித்தது, நாங்களோ மார்ச்சில்தான் தொட்டோம், ஜனவரியிலேயே தொட்டிருந்தால் ஏப்ரல் விடுமுறைக்கு முன் லவக திருத்தமும் முடிந்திருக்கும். அது முடிந்து கைக்கு வந்தது விசா வந்த பிறகு.

வங்கிக் கணக்கு விஷயத்தில் நான் தாமதிக்கவில்லை, ஆனால் கடை வசூலுக்கு ஒரு நோட்டும் சேர்த்து எழுத வைத்திருக்கவேண்டும். ஸ்டேட்மெண்டில் 3 லட்சம் என்று இருந்தால் அது எந்த வாரத்து வசூல் என்று காட்ட எங்களிடம் ஒன்றும் இல்லை. இந்தத் தடவை கேட்கவில்லை. அடுத்த தடவை கேட்கலாம்.

குடும்ப அட்டவணையை நான் முதலில் மொழிபெயர்த்துப் பார்த்தபோது ஒரு பிறந்த வருடத்தைத் தப்பாகப் போட்டுவிட்டேன், பர்மிய எண்ணில் 3-ஐயும் 2-ஐயும் மாற்றிப் படித்துவிட்டேன். மகள் கண்டுபிடித்தாள். அது அப்படியே போயிருந்தால் அக்காவுக்கு நாலாவது ஒரு ஆளும் சேர்ந்திருப்பார். அதிலிருந்து எந்தத் தாளையும் ஒருவர் வாசிக்க இன்னொருவர் மூலத்தைப் பார்த்துச் சரிபார்க்கிறோம், சத்தமாக, ஒவ்வொரு எண்ணாக.

அக்கா இப்போது அந்த முழுக் கட்டையும் பிஸ்கட் டப்பாவில் நகராட்சி ரசீதுகளுக்கு மேல் வைத்திருக்கிறார், திரும்பி வந்த விமானத்தின் போர்டிங் அட்டையும் அதில் இருக்கிறது. மகளுக்கு இரண்டாவது பிறக்கும்போது மறுபடி போடவேண்டும் என்று சொல்லியிருக்கிறார்.